நலத்திட்டங்களும் சான்றிதழ் என்னும் வாயிலும்

மக்கள் நல அரசு என்னும் கோட்பாடு நம் நாட்டு அரசியலமைப்பின் உயிர்நாடி என்று மேடைகளில் பலகாலும் கேட்டிருக்கிறோம். அக்கோட்பாடு ஒரு மாணவரின் வாழ்வில் எந்த வடிவில் வந்து நிற்கிறது என்று உற்று நோக்கினால், பெரும்பாலும் ஒரு தாளின் வடிவிலேயே வந்து நிற்பதைக் காண்கிறோம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாற்றுத்திறனாளிக்கான அடையாள அட்டை என்று அத்தாளின் பெயர் மாறலாம். அத்தாளைப் பெற்றவருக்குத் திட்டம் உண்டு. பெறாதவருக்கு, சட்டம் எத்துணைச் சிறப்பாக எழுதப்பட்டிருப்பினும், திட்டம் இல்லை. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கும் உடற்குறை உடையோருக்குமென இம்மாநிலத்தில் தோன்றிய நலத்திட்டங்கள் எவ்வாறு வளர்ந்தன, எவ்வாறு இயங்குகின்றன, எவ்விடத்தில் தடுக்கி நிற்கின்றன என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

நிலத்தில் தொடங்கிய வரலாறு

இத்திட்டங்களின் வரலாற்றை இட ஒதுக்கீட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். நாம் சற்று முன்னே சென்று நிலத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். 1891ஆம் ஆண்டு செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்கீர், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து விரிவான அறிக்கையொன்றை அரசுக்கு அளித்தார். குடியிருக்கும் மனையும் தமக்கு உரிமையில்லாத மக்கள், நிலவுடைமையாளரை எதிர்த்து ஒரு சொல்லும் சொல்ல இயலாத நிலையில் இருப்பதை அவர் எடுத்துரைத்தார். அதன் பயனாக 1892இல் பிறந்த அரசாணை, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்க வழி செய்தது. இன்று பஞ்சமி நிலம் என வழங்குவது அதுவே. பத்தாண்டுகள் வரை அந்நிலத்தை விற்றல் ஆகாது. அதன்பின் விற்பினும் அம்மக்களுக்குள்ளேயே விற்றல் வேண்டும் என்பது விதி. இத்தகைய நிலம் மாநிலமெங்கும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று சொல்வர்.

அந்நிலத்தின் பெரும்பகுதி இன்று உரியவர் கையில் இல்லை. விதியில் பிழையில்லை. பதிவேட்டில்தான் பிழை நேர்ந்தது. கடன் பத்திரத்திலும் கைமாற்றிலும் கைந்நாட்டு இட்டவர், தாம் இட்டது எதற்கென்று அறியார். எழுத்தறிந்தவர் வசம் ஏடு இருந்தது; ஏடு இருந்தவர் வசம் நிலம் சென்றது. பிற்காலத்து நலத்திட்டங்கள் பலவற்றின் ஊழும் இதுவே என்பதால்தான் இதனை முதலில் வைத்தோம்.

நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் வெளிவந்த வகுப்புவாரி அரசாணை, ஏட்டளவில் ஏழாண்டுகள் உறங்கிக் கிடந்தது. அமைச்சர் எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் 1928 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு பணியிடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என அது பகுத்தது. 1947இல் இச்சுழற்சி பதினான்காக மாற்றப்பெற்றபோது, தாழ்த்தப்பட்டோருக்கு 2 இடங்களும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியே 2 இடங்களும் கிடைத்தன. முஸ்லிம்களின் பங்கு பதினான்கில் ஒன்றாகக் குறைந்தது. சமுதாயப் பெரியோர் பலர் இதனை அறிந்திருப்பர். இளைஞர் பலர் அறியார்.

1950இல் செண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இவ்வாணை செல்லாது எனத் தீர்ப்பளித்தன. அவ்வம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பது வழக்கு நடந்தபோதே வெளிப்பட்டது. வரலாற்றில் இத்தகைய விந்தைகள் உண்டு. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, 15(4) என்னும் உட்கூறு சேர்ந்தது. சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்குத் தடையில்லை என்பது அதன் சாரம்.

அதன்பின் நடந்தவற்றை விரைந்து கூறிச் செல்லலாம். சட்டநாதன் குழுவின் அறிக்கைக்குப்பின் 1971இல் பிற்படுத்தப்பட்டோருக்கு 31, ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கு 18 விழுக்காடு ஆயிற்று. 1980இல் பிற்படுத்தப்பட்டோரின் பங்கு 50 ஆயிற்று. 1989இல் அதிலிருந்து 20 விழுக்காடு மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் ஆகியோருக்கெனப் பிரிந்தது. 1990இல் பழங்குடியினருக்கு 1 விழுக்காடு தனியே சேர, மொத்தம் 69 ஆயிற்று. 1992இல் மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 50 விழுக்காடு என எல்லை வகுத்தபின், மாநிலச் சட்டமொன்று இயற்றப்பெற்று, 1994இல் 76ஆவது திருத்தத்தின் வழியே ஒன்பதாவது அட்டவணையில் அது சேர்க்கப்பட்டது. 2007இல் பிற்படுத்தப்பட்டோரின் 30 விழுக்காட்டினுள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடும், 2009இல் ஆதிதிராவிடரின் 18 விழுக்காட்டினுள் அருந்ததியருக்கு 3 விழுக்காடும் உள் ஒதுக்கீடாக வந்தன. பட்டியல் சாதிகளுக்குள் இவ்வாறு உட்பிரிவு செய்தல் தகும் என்பதை 2024 ஆகஸ்டு முதல் நாள் உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு ஏற்றது.

பட்டியலின் வலிமை

ஒரு பெயர் பட்டியலில் இருப்பதற்கும் இல்லாமைக்கும் உள்ள வேறுபாட்டை நரிக்குறவர் மக்களின் வரலாறு தெளிவாகக் காட்டும். ஊர் ஊராய்த் திரிந்து ஊசி பாசி விற்ற அம்மக்கள், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றிருந்தனர். நிலமும் பள்ளியும் உடைய பெருஞ்சாதிகளோடு அவர்தம் பிள்ளைகள் ஒரே வரிசையில் நின்று போட்டியிட வேண்டியிருந்தது. பழங்குடியினர் பட்டியலில் சேர்க்குமாறு பல்லாண்டுகள் வேண்டியபின், நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் அது கைகூடிற்று. அம்மக்களின் வாழ்நிலை அந்த ஆண்டில் திடுமென மாறியதன்று. ஏட்டிலுள்ள ஒரு சொல் மாறிற்று. அச்சொல் மாறியதும் கல்வி உதவித்தொகையும் பணியிடப் போட்டியும் வேறாயின.

பட்டியலில் இருந்தும் சான்று கிட்டாதோர் உளர். இருளர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடியினரின் நிலை அது. ஆதிதிராவிடருக்குரிய சான்றை வட்டாட்சியரே வழங்குவார். பழங்குடியினர் சான்றையோ 1989 நவம்பர் முதல் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் நிலையில்தான் வழங்குவர். போலிச் சான்றுகளைத் தடுக்க இந்த ஏற்பாடு வந்தது, நோக்கம் நன்று. ஆயின் பாட்டனுக்கும் தந்தைக்கும் பள்ளிச் சான்றோ நிலப்பத்திரமோ இல்லாத குடும்பத்தை நோக்கி, உம் முன்னோர் இன்ன வகுப்பினர் என்பதற்கு ஆவணம் கொணர்க என்று கேட்பது எத்தகைய முரண்! எழுத்தறிவு கிட்டாமையே அவர்தம் பின்தங்கிய நிலைக்குச் சான்று. அச்சான்றை ஏற்கும் அலுவலகம்தான் இல்லை.

சமயத்தோடு தொடர்புடைய சிக்கல் ஒன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். இஸ்லாத்தையோ கிறித்தவத்தையோ தழுவியவர் அந்தத் தகுதியை இழப்பர். 1981இல் மீனாட்சிபுரத்தில் இஸ்லாத்தைத் தழுவிய மக்களும் இதற்கு விலக்கல்லர். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதித் தகுதியைச் சமயத்தோடு பிணைத்தல் வேண்டா எனப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையமும் அமைக்கப்பட்டது. இஸ்லாம் சாதியை ஏற்பதில்லை என்பது நம் கொள்கை. ஒருவர் கலிமாச் சொல்லிய அன்றே அவருடைய குடிசை ஓட்டு வீடாவதில்லை, கூலி வேலை மாறுவதில்லை என்பதும் உண்மை. கொள்கையைச் சொல்லி உண்மையை மறைத்தல் நமக்கு அழகன்று. அவ்வாறு வந்தவர் எந்தப் பிரிவில் அடங்குவார் என்பது வட்டாட்சியர் அலுவலகத்தில் தொடங்கி உயர் நீதிமன்றம் வரை சென்ற வினா.

நம் மாணவர் பெரும்பாலோர் இந்த இடர்ப்பாட்டிற்கு உட்பட்டவரல்லர். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பை, தக்கினி முஸ்லிம், துதேகுலா, மாப்பிள்ளை, அன்சார், ஷேக், சையத் என எழுவகையினர் மாநிலப் பட்டியலில் உள்ளனர். எனினும் மாநில அரசுப் பணிக்குரிய பிற்படுத்தப்பட்டோர் சான்று வேறு. நடுவண் அரசின் 27 விழுக்காட்டிற்குரிய இதர பிற்படுத்தப்பட்டோர் சான்று வேறு. பின்னதில் வருமான வரம்பு உண்டு. 2017 முதல் அது ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். வங்கித் தேர்வுக்கும் இரயில்வே தேர்வுக்கும் மாநிலச் சான்றை இணைத்து விண்ணப்பித்து, சான்று சரிபார்க்கும் நாளில் வாய்ப்பை இழக்கும் இளைஞரை நாம் அறிவோம். அவர்தம் மதிப்பெண்ணில் குறையில்லை.

எச்சம் முதல் உரிமை வரை

உடற்குறை உடையோரைத் தமிழ்ச் சமுதாயம் நோக்கிய நோக்கு எக்காலத்தும் ஒரே தன்மையதாக இருந்ததில்லை. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளிக்குப் பாடிய புறநானூற்றுப் பாட்டு, பார்வையற்றோர், கூனர், குறளர், பேச்சற்றோர், செவிப்புலனற்றோர் முதலியோரை எண்வகை எச்சம் என எண்ணி, பயனற்ற பிறப்பு என முன்னோர் கூற்றாக உரைக்கிறது. திருக்குறளோ, ஆள்வினை உடைமை பேசுமிடத்து, உறுப்பின் குறை எவர்க்கும் பழியாகாது என்னும் கருத்தை நிறுவுகிறது. பிற்காலத்தில் இரட்டைப் புலவரும் அந்தகக்கவி வீரராகவ முதலியாரும் மாம்பழக் கவிச்சிங்க நாவலரும் புலவர் வரிசையில் இடம்பெற்றனர். புலமைக்கு இடம் கொடுத்த நாடு, புலமை வாய்க்காத எளிய பார்வையற்றவருக்குக் கோயில் வாயிலையும் தர்கா வாயிலையும் மட்டுமே கொடுத்தது. பள்ளி என்று ஒன்றைக் காட்ட, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் கிறித்தவ ஊழியர்கள் நிறுவிய பார்வையற்றோர் பள்ளியும் செவிப்புலனற்றோர் பள்ளியும் வரவேண்டியிருந்தது.

நம் மார்க்க வரலாற்றில் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி எவரும் அறிந்தது. பார்வையற்ற அவரைப் பொருட்படுத்தாமல் குறைஷித் தலைவர்பால் முகம் திருப்பியது குறித்தே திருக்குர்ஆனின் 80ஆவது அத்தியாயம் அருளப்பட்டது. பின்னர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைத் தொழுகை அழைப்பாளராகவும், தாம் படையெடுத்துச் சென்ற காலங்களில் மதீனாவின் பொறுப்பாளராகவும் அமர்த்தினார்கள். இரக்கம் காட்டியதாக இதனைக் கூறிவிட்டு அமைதல் போதாது. ஒரு பணியை ஒப்படைத்தார்கள் என்பதே கருதத்தக்கது.

இந்திய அரசு இந்த நோக்கிற்கு வர நெடுங்காலம் ஆயிற்று. 1977இல் நடுவண் அரசின் கீழ்நிலைப் பணிகளில் 3 விழுக்காடு என ஓர் அலுவலகக் குறிப்பாணை வந்தது. நாடாளுமன்றச் சட்டமாக வந்தது 1995இல். 1996 பிப்ரவரி 7 முதல் நடைமுறை. அச்சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைச் சுட்டியது. வேலைவாய்ப்பில் 3 விழுக்காடு வழங்கியது. அந்த 3 விழுக்காட்டை எதன்மீது கணக்கிடுவது என்பதிலேயே பதினேழு ஆண்டுகள் கழிந்தன. இவர்க்கு ஏற்றவை எனக் குறிக்கப்பட்ட பணியிடங்களில் மட்டும் கணக்கிட்டு வந்த அலுவலகங்களை நோக்கி, மொத்தக் காலியிடங்களிலும் கணக்கிடல் வேண்டும் என 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறிற்று.

தமிழ்நாட்டில் 2010இல் அன்றைய முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி, ஊனமுற்றோர் என்னும் சொல்லை நீக்கி மாற்றுத்திறனாளிகள் என வழங்கச் செய்தார். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு என்பது இருபத்தொன்றாயிற்று. கற்றல் குறைபாடு, தலசீமியா, இரத்தம் உறையாமை, தசைச்சிதைவு, நடுக்குவாதம், அமில வீச்சால் நேர்ந்த பாதிப்பு ஆகியனவும் சேர்ந்தன. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையோருக்கு உயர்கல்வியில் 5 விழுக்காடு, அரசுப் பணியில் 4 விழுக்காடு. ஈண்டு ஒரு நுட்பம் உண்டு: கல்வியின் 5 விழுக்காடு இருபத்தொரு வகையினருக்கும் உரியது, பணியின் 4 விழுக்காடு அவ்வாறன்று. தலசீமியா உடைய மாணவர் கல்லூரி இடத்தை இந்த ஒதுக்கீட்டில் பெறலாம். அரசுப் பணியை இதன்வழி பெற இயலாது. 2025 ஏப்ரலில், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழி செய்யும் சட்டங்களைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியதையும் இவ்வரிசையில் வைத்து எண்ணலாம்.

இரு பாதைகள் கூடுமிடம்

69 விழுக்காட்டோடு இந்த 4 விழுக்காட்டையும் கூட்டி 73 என எண்ணுவோர் பலர். அது தவறான கணக்கு. சாதி வழி ஒதுக்கீட்டைச் செங்குத்து என்றும், மாற்றுத்திறனாளிகளுக்குரியதைக் கிடைமட்டம் என்றும் சட்டநூலார் கூறுவர். நெசவில் நெடுக ஓடும் பாவினைக் குறுக்கே ஊடு கடந்து செல்வது போல, பின்னது எல்லா வகுப்பினரின் ஊடாகவும் செல்லும். பார்வையற்ற ஆதிதிராவிடப் பெண் ஒருவர் இந்த ஒதுக்கீட்டில் தேர்வு பெற்றால், அவர் இனச்சுழற்சியில் ஆதிதிராவிடருக்குரிய இடத்திலேயே வைக்கப்படுவார். பார்வையற்ற முஸ்லிம் இளைஞர் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குரிய இடத்தில் அமர்வார். மொத்தம் மாறாது.

கணக்கு எளிது, அப்பெண்ணின் அலைச்சல் எளிதன்று. சாதிச் சான்றுக்கு வட்டாட்சியர் அலுவலகம், குறைபாட்டின் அளவைச் சான்றளிக்க அரசு மருத்துவமனை, உதவிகளுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் என மூன்று வாயில்களை அவர் கடத்தல் வேண்டும். 1944ஆம் ஆண்டிலிருந்து பட்டியல் சாதியினருக்கு வழங்கப்பெறும் பள்ளி மேற்படிப்பு உதவித்தொகையைப் பெறுபவர், அதனோடு வேறோர் உதவித்தொகையைப் பெறுதல் ஆகாது என்பதும் விதி. ஆகவே எதனை விடுத்து எதனைப் பெறுவது என்று ஆராய்ந்து சொல்ல ஒருவர் வேண்டும். பெரும்பாலும் அவ்வாறு சொல்ல எவருமில்லை.

நம் இல்லங்களில் நிகழும் மற்றொன்றையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். பெண்பிள்ளைக்குச் செவித்திறன் குறைவு என்றாலும், ஒரு கண்ணில் பார்வை மங்கல் என்றாலும், அதனைத் தாளில் பதிவு செய்யப் பெற்றோர் அஞ்சுகின்றனர். நாளை பெண் கேட்டு வருவோர் காதில் விழுமே என்பது அவ்வச்சம். அதன் பயனாக அப்பெண் பள்ளியிலும் கல்லூரியிலும் பின்வரிசையில் அமர்ந்து, ஆசிரியரின் உதட்டசைவைக் கொண்டு பாடத்தைப் புரிந்துகொள்ள முயன்று, பாதிப் பாடம் விளங்காமல் தேர்வெழுதி, மந்த புத்தியுடையவள் என்னும் பெயரையும் சுமக்கிறாள். செவித்திறன் குறைவை மறைத்து அறிவுக் குறைவு என்னும் பட்டத்தை வாங்கிக் கொடுக்கும் இப்பேரம் எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. அரசு கொடுப்பதைப் பிச்சையெனக் கருதிக் கூசுவோரும் உளர். ஸகாத் என்பது கொடுப்பவரின் பெருந்தன்மையன்று, பெறுபவரின் பங்கு என்று அறிந்த சமுதாயத்திற்கு இக்கூச்சம் எங்கிருந்து வந்தது என்பது வியப்பிற்குரியது.

கல்லூரி செய்யத்தக்கன

2005இல் நிறைவேறிய 93ஆவது அரசியலமைப்புத் திருத்தம், சாதி வழிச் சேர்க்கை ஒதுக்கீட்டில் சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு அளித்துள்ளது. இவ்விலக்கை எல்லாவற்றிற்கும் கேடயமாகக் கொள்வோர் உளர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 32ஆவது பிரிவோ, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள் 5 விழுக்காடு இடம் வழங்குதல் வேண்டும், சேர்க்கை வயது வரம்பில் ஐந்தாண்டு தளர்த்துதல் வேண்டும் என்று மட்டுமே கூறுகிறது. சிறுபான்மை நிறுவனம் என ஒரு விலக்கை அது எழுதவில்லை. கட்டடங்களை மாற்றியமைக்க அச்சட்டம் வழங்கிய ஐந்தாண்டுக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. மாடியில் வகுப்பறை, மாடியில் நூலகம், பள்ளிவாசலில் உளூச் செய்யும் இடத்திற்கு வழுக்கும் மூன்று படிகள் என நம் வளாகங்கள் இன்னும் இருக்குமாயின், சக்கர நாற்காலியில் வரும் மாணவரைச் சேர்த்துக்கொண்டதாகச் சொல்வது எங்ஙனம்? ஊர்ப் பள்ளிவாசல்களின் நிருவாகிகளும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். படிக்கட்டை ஒட்டி ஒரு சாய்தளம் அமைக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

தேர்வைப் பற்றியும் ஒரு சொல். எழுத இயலாதவருக்குச் சொல்வதை எழுதுபவர் ஒருவரை அமர்த்திக்கொள்ள உரிமை உண்டு. மணிக்கு இருபது நிமிடம், அதாவது மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம், மிகுதியாகத் தருதல் வேண்டும் என 2013ஆம் ஆண்டின் நடுவண் அரசு வழிகாட்டு நெறிகள் கூறின. 40 விழுக்காடு என்னும் அளவை எட்டாதவருக்கும், எழுதுவதில் உண்மையான இடர்ப்பாடு இருப்பின், இவ்வுதவியை மறுத்தல் ஆகாது என 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்துணை இருந்தும், எழுதுபவரைத் தேடும் பணி பெரும்பாலும் தேர்வுக்கு முந்தைய நாள் மாலையில்தான் தொடங்குகிறது. கிடைப்பவர் பாடச் சொற்களை அறியாதவராக இருந்தால் வழுக்கள் பெருகும். தமிழிலக்கணத் தாளில் வேற்றுமைத் தொகையும் வினைத்தொகையும் சொல்லச் சொல்ல, ஒற்று மிகுமிடம் அறியாதவர் எழுதிய விடைத்தாளைத் திருத்தியோர் இதனை நன்கறிவர். பருவத் தொடக்கத்திலேயே துறைதோறும் விருப்பமுள்ள மாணவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஆயத்தம் செய்து, அவர்களையும் தேர்வெழுதும் மாணவரையும் இரண்டு மூன்று முறை ஒருங்கே அமர்ந்து பயிலச் செய்தால், முன்னாள் மாலைத் தேட்டம் ஒழியும். இதற்கு அரசாணையும் வேண்டா, நிதியும் வேண்டா.